நடைபாதைக்கு முதலிடம் என்றால் கார்கள் எங்கே போகும்?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. உங்கள் ஊரில் பஸ் நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் இணைக்கும் கடைவீதிக்கு நகராட்சியிடம் பணம் வந்திருக்கிறது. அந்தச் சாலையை நான்கு தடமாக அகலப்படுத்தும் பழைய திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இருபுறமும் அகலமான நடைபாதையும் சைக்கிள் பாதையும் அமைக்கும் திட்டத்தை முதலில் எடுக்கப்போகிறார்கள். இருக்கிற இடத்தையும் குறைத்தால் நெரிசல் கூடாதா, நம் வெயிலில் யார் நடப்பார்கள், யார் சைக்கிள் மிதிப்பார்கள், வெளிநாட்டில் பார்த்ததை இங்கே ஒட்டவைக்கிறார்களா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். படித்து முடித்தபோது, இந்த மூன்றுக்கும் அடியில் நான்காவது ஒன்று இருப்பதாகப் பட்டது. எந்தத் திட்டம் முதலில், எது பிறகு என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றைப் பேசுவது சுலபம்.

என்னைப் பற்றிச் சிறிது சொன்னால் பதிலை எடைபோட உதவும். சாலைப் போக்குவரத்துத் திட்டமிடலில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். முதல் பத்தாண்டுகளில் நான் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை சாலையை அகலப்படுத்தச் சொன்னவை. அவற்றில் சிலவற்றுக்கு இன்று கையெழுத்துப் போட மாட்டேன். வேலை பெரும்பாலும் நடுத்தர நகரங்களின் கடைவீதிகளிலும் சந்திப்புகளிலும்தான். உங்கள் சாலையை நான் பார்த்ததில்லை. ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியதையும், ஊருக்கு ஊர் மாறக்கூடியதையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

ஒரு சாலைக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்கிட எங்கள் தொழிலில் பி.சி.யு. என்றொரு அலகு உண்டு. எந்த வாகனம் எத்தனை காருக்குச் சமம் என்பதைச் சொல்வது அது. நகரச் சாலைகளுக்காக, சாலை அமைப்புக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட 106-ஆம் எண் வழிகாட்டியில் இதற்கான அட்டவணை இருக்கிறது. கார் 1. இரு சக்கர வாகனம், மொத்தப் போக்குவரத்தில் அதன் பங்கைப் பொறுத்து 0.5 அல்லது 0.75. பஸ் 2.2 அல்லது 3.7. சைக்கிள் 0.4 அல்லது 0.5. குதிரை வண்டிக்கும் கைவண்டிக்கும்கூட எண் போட்டிருக்கிறார்கள். நடந்து போகிறவருக்கு மட்டும் வரிசை இல்லை. படிக்கட்டு வரை நிரம்பி அறுபது பேருடன் வரும் டவுன் பஸ், ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்திருக்கும் மூன்று கார்களோடு சமமாகிவிடுகிறது. அட்டவணை தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு வாகனம் தார்ச்சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைச் சொல்ல எழுதப்பட்டது அது. அந்த வேலையைச் சரியாகவே செய்கிறது. அதை வைத்து ஊரின் தேவையை அளக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. இடத்தை அதிகம் அடைப்பவருக்கு அதிக மதிப்பெண், அடைக்காதவருக்குச் சுழியம் என்றாகிவிடுகிறது. இந்தக் கணக்கில் எந்த ஊரிலும் சாலை விரிவாக்கம்தான் முதலிடத்தில் வந்து நிற்கும்.

ஒருமுறை ஒரு நகராட்சிக்காகக் கடைவீதியில் பன்னிரண்டு மணி நேரக் கணக்கெடுப்பு நடத்தினோம். பாலிடெக்னிக் மாணவர்களைப் படிவத்தோடு சந்திப்புகளில் உட்கார வைத்தோம். நடப்பவர்களையும் எண்ணுங்கள், வண்டிகளுக்குள் இருக்கும் தலைகளையும் எண்ணுங்கள் என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார்கள். அளவுகோலை வைத்துப் பேனாவால் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தோம். சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது, நடந்தவர்களின் கட்டம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. அங்கே மூத்த அதிகாரி ஒருவர், "இவ்வளவு பேரா நடக்கிறார்கள்?" என்று இரண்டு முறை கேட்டார். அதே சாலையில்தான் அவர் தினமும் போய்வருகிறார், ஜீப்பில். வாகனங்களை எண்ணினால் விரிவாக்கம் முதலிலும் நடைபாதை கடைசியிலும் வந்தன. ஆட்களை எண்ணியதும் வரிசை தலைகீழானது. உங்கள் நகராட்சியில் நடந்திருப்பதும் அநேகமாக இதுதான். 'வாகனங்களை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே குறிக்கோள்' என்ற கருத்து 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையிலேயே இருக்கிறது. படிவங்கள்தான் இன்னும் அந்தக் கொள்கையைப் படிக்கவில்லை.

சென்னைப் பெருநகருக்காக 2008-இல் எடுத்த விரிவான ஆய்வில், நூறு பயணங்களில் 28 நடை, 26 பஸ், 25 இரு சக்கர வாகனம், 6 சைக்கிள், 5 ரயில், 4 ஆட்டோ போன்றவை. கார் 6. பழைய கணக்குதான், இன்று காரின் பங்கு கூடியிருக்கும். ஆனாலும் எங்கிருந்து தொடங்கினோம் என்பது தெரிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விவசாயம் சாராத வேலை செய்பவர்களில் நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள் நாடு முழுவதும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கார், ஜீப், வேன் மூன்றும் சேர்ந்து 3 சதவீதத்துக்கும் கீழே. எண்ணிக்கையில் இப்படி என்றால், அடிபடுவதில் எப்படி என்றும் பார்க்க வேண்டும். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்துகொண்டிருந்தவர்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வெயிலில் யார் நடப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள், தார்ச்சாலையின் ஓரத்தில், பஸ்ஸின் ஹாரனுக்கு ஒதுங்கியபடி. புதிதாக யாரையும் நடக்க அழைப்பது இந்தத் திட்டத்தின் முதல் வேலை இல்லை.

இனி நெரிசல். இதில் ஒன்று மிக உறுதி, இன்னொன்று பாதி உறுதி. உறுதியானது: நெருக்கடி மிகுந்த நகரத்தில் சாலையை அகலப்படுத்தினால் கிடைக்கும் நிம்மதி தங்காது. அமெரிக்கப் பெருநகரங்களின் இருபது ஆண்டுத் தரவுகளை வைத்து டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் 2011-இல் காட்டியது, நெடுஞ்சாலைத் தடங்களின் மொத்த நீளம் கூடக் கூட அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடுகிறது என்பதுதான். ஹூஸ்டன் நகரின் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் அகலப்படுத்தி முடித்தார்கள். சில இடங்களில் பக்கச் சாலைகளையும் சேர்த்தால் 26 தடம். 2011-க்கும் 2014-க்கும் இடையில் மாலை நேரப் பயணம் பாதிக்கும் மேல் நீண்டுவிட்டது. அந்த ஊரின் மக்கள்தொகையும் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சாலை அகலமானதும் அதை நம்பித்தானே தூரத்தில் வீடு வாங்குகிறார்கள்? நம் ஊரில் புறவழிச்சாலை போட்ட மறு வருடமே அதன் இருபுறமும் மனை விற்பனைப் பலகைகள் முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பாதி உறுதியானது இதன் மறுபக்கம். வாகனத்துக்கான இடத்தைக் குறைத்தால் ஓட்டமும் குறையுமா? கெய்ர்ன்ஸ் உள்ளிட்ட பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பல நாடுகளில் இப்படி இடம் குறைக்கப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். பாதி இடங்களில், அந்தச் சாலையிலும் சுற்றுச் சாலைகளிலும் சேர்த்து எண்ணியபோது, முன்பு ஓடிய வாகனங்களில் 11 சதவீதமோ அதற்கு மேலோ காணவில்லை. பயணத்தை வேறு நேரத்துக்கு மாற்றியவர்கள், இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடித்தவர்கள், நடந்தவர்கள், பஸ் ஏறியவர்கள் எனப் பலர். ஆனால் எதுவுமே குறையாத இடங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. தவிர, பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் கார் மிகுந்த, ஒழுங்கான பஸ் வசதி உள்ள ஊர்கள். இரு சக்கர வாகனம் ஆளும் நம் ஊர்களுக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துவந்து பொருத்துவது நேர்மையாகாது. ஸ்கூட்டர் சந்துக்குள் புகும், கார் புகாது. நான் பார்த்தவரையில் முதல் சில மாதங்கள் கசப்பாகவே இருக்கும், பக்கத்துத் தெருக்காரர்கள் கோபத்தோடு மனு எழுதுவார்கள். அந்தத் தெருக்களை எப்படிக் காப்பாற்றப் போகிறார்கள் என்று நகராட்சியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். 'எல்லாம் தானாகச் சரியாகிவிடும்' என்று பதில் வந்தால் நம்பாதீர்கள்.

ஒரு கணக்கை மட்டும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க நகரப் போக்குவரத்து அலுவலர்கள் சங்கத்தின் வடிவமைப்புக் கையேடு ஏறக்குறைய 3 மீட்டர் அகலமுள்ள ஒரே தடத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்று ஒப்பிட்டுச் சொல்கிறது. கலப்புப் போக்குவரத்தில் கார்கள் ஓடினால் 600 முதல் 1,600 பேர். பிரித்து அமைத்த இருவழி சைக்கிள் பாதையானால் 7,500. நடைபாதையானால் 9,000. இவை உச்சவரம்பு எண்கள். உங்கள் கடைவீதியில் தீபாவளிக்கு முந்தைய வாரம் தவிர ஒருபோதும் எட்டாது. இருந்தாலும் விகிதத்தைப் பாருங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: கடைவீதியின் ஓரத் தடம் இப்போதே ஓடும் தடம் இல்லை. அங்கே வண்டி நிற்கிறது. திரும்பும் இடத்தையும் சேர்த்து ஒரு காரை நிறுத்தச் சுமார் 23 சதுர மீட்டர் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. நகரத்தில் ஒரு சிறு குடும்பம் குடியிருக்கும் ஒற்றை அறை வீடு அந்த அளவுதான். நான்கு தடமாக அகலப்படுத்தினாலும் வெளித்தடம் இரண்டும் நிறுத்துமிடமாகிவிடும், நீங்கள் ஓட்டப்போவது நடுவில் உள்ள இரண்டில்தான். ஆகவே இந்தத் திட்டத்தில் பறிபோவது பெரும்பாலும் இலவசமாக வண்டி நிறுத்தும் வசதி. அதையும் இழப்பாக நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 'போக்குவரத்துக்கான இடம் போகிறது' என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது.

நம் மாநிலத்திலேயே இதற்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. சாலைப் போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும், 2018-க்குள் பயணங்களில் 40 சதவீதம் இவ்விரண்டில், நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் சாலையில் இறப்பது சுழியம் என்றெல்லாம் இலக்குகள். 2018 வந்து போயிற்று, சுழியம் வரவில்லை. ஆனால் அந்தக் கொள்கையின் தொடர்ச்சியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் நடைபாதைகள் உருவாயின. தியாகராய சாலையில் சுமார் 40 கோடி ரூபாயில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் தற்காலிகத் தடுப்புகளை வைத்து ஒத்திகையும் பார்த்தார்கள். இதை உங்கள் ஊரும் தாராளமாகப் பின்பற்றலாம். அதே தியாகராய நகரில் 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைத்து ஆகாய நடைபாலமும், 2025-இல் தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சி.ஐ.டி. நகர் வரை சுமார் 165 கோடியில் மேம்பாலமும் வந்தன. சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஆன செலவில் பாண்டி பஜார் போன்ற வேலையை நான்கு முறை செய்யலாம். மேம்பாலமே கூடாது என்பது என் வாதம் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து எடைபோட்டார்களா என்பதுதான் என் கேள்வி. கொள்கை ஓர் அலுவலகத்திலும் மேம்பாலத்துக்கான கோப்பு வேறோர் அலுவலகத்திலும் இருக்கும்வரை யாரும் எடைபோட மாட்டார்கள்.

பாண்டி பஜாரில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். குழந்தைகள் கையை விட்டு ஓடுகிறார்கள், வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அங்கே மதிப்பு எது என்பது நடந்தவருக்குப் புரியும். குறைகளும் கண்ணில் படும்: காவல் குறைந்த வேளையில் நடைபாதை மேல் ஏறும் பைக்குகள், முனைகளில் குறுக்கே திரும்பும் ஆட்டோக்கள். அந்தச் சாலையின் நடைபாதை வியாபாரிகள் 2013-லேயே ஒரு கட்டடத்துக்குள் மாற்றப்பட்டிருந்தார்கள். தெருவில் விற்பவர்களையும் நடப்பவர்களையும் எதிரிகளாக்கும் எந்தத் திட்டத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பூக்காரரும் இளநீர்க்காரரும் இருக்கும் நடைபாதையில்தான் இரவு ஒன்பது மணிக்குப் பெண்கள் பயமில்லாமல் போகிறார்கள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. உங்கள் ஊர் வரைபடத்தில் அந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது என் சொந்தத் தோல்வி ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஊரில் நான் வரைந்து கொடுத்த நடைபாதையில் யாரும் நடக்கவில்லை. அகலம் போதுமானது, கல்லும் நல்ல கல். மழைநீர் வடிகாலின் மூடியையே நடைபாதையாக்கியதால் அது சாலையிலிருந்து ஓர் அடிக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஒவ்வொரு கடை வாசலிலும், ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் வண்டி ஏறுவதற்காக அதை வெட்டிச் சரிவு போட்டார்கள். விளைவு, நூறு அடிக்குள் ஏழெட்டு முறை ஏறி இறங்க வேண்டிய பாதை. முழங்கால் வலி உள்ள எந்த அம்மா அதில் போவார்? சாலையில் இறங்கித்தான் நடந்தார்கள். 'மக்களுக்கு ஒழுங்கு இல்லை, பாதை போட்டுக் கொடுத்தாலும் சாலையில்தான் நடக்கிறார்கள்' என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது, குற்றவாளி நான்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டியில் இதெல்லாம் தெளிவாகவே இருக்கிறது: கரைக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், கடைப் பகுதியில் 2.5 மீட்டர், கூட்டம் மிகுந்த கடைவீதியில் 4 மீட்டர். தடையில்லாமல் என்ற சொல்தான் முக்கியம். மரம், விளக்குக் கம்பம், மின்சாரப் பெட்டி எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சும் அகலம் அது. ஒப்பந்தப்புள்ளியில் '3 மீட்டர் நடைபாதை' என்று இருக்கும். நடுவில் ட்ரான்ஸ்பார்மர் நிற்கும். வண்டி நுழையும் இடங்களில் நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பாதி வென்றமாதிரி.

மீதிப் பாதி, சாலையைக் கடப்பதில் இருக்கிறது. நீளவாக்கில் நடப்பதைவிடக் குறுக்கே கடப்பது ஆபத்தானது, ஆனால் அதற்குப் பணம் ஒதுக்குவது அபூர்வம், திறப்பு விழா நடத்த முடியாதல்லவா. விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற வேகத்தில் ஒருவர் நடப்பதாகக் கொண்டால், 14 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க ஏறக்குறைய 12 விநாடி ஆகும். முதியவருக்கு இன்னும் கூடும். நம் சிக்னல்களில் நடப்பவருக்கு எத்தனை விநாடி தருகிறார்கள் என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். சாலையை அகலப்படுத்தினால் இந்தத் தூரமும் கூடுகிறது, வண்டிகளின் வேகமும் கூடுகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் உயர்ந்தால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் உயர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடுவில் நின்று போக ஒரு திட்டு, உயர்த்திய கடவை, முனைகளில் திருப்பத்தை இறுக்குவது ஆகிய மூன்றும் மலிவானவை, பலன் நிச்சயமானவை. என்னிடம் குறைவான பணம்தான் இருக்கிறது, எதை முதலில் செய்யட்டும் என்று ஒரு நகராட்சி கேட்டால், அலங்காரக் கல் பதிப்பதை விட்டுவிட்டு இவற்றைச் செய்யச் சொல்வேன்.

சைக்கிள் விஷயத்தில் உங்கள் சந்தேகத்தில் பாதி எனக்கும் உண்டு, காரணம்தான் வேறு. வெயில் காரணமில்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஸ்பெயினின் செவில் நகரம், 2006-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் சுமார் 80 கிலோமீட்டருக்குப் பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரே மூச்சில் அமைத்தது. சைக்கிள் பயணங்கள் பல மடங்காயின, பிறகு வளர்ச்சி ஓரிடத்தில் நின்றும் போனது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். வெயில் அன்றும் இதே வெயில்தான். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புக்கு வந்தால் இன்றும் விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. அரசே சைக்கிளைக் கொடுக்கிறது, அதை ஓட்டச் சாலையில் ஓரடி இடம் கொடுப்பதில்லை. சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் நூற்றில் 14 பயணங்கள் சைக்கிளில் நடந்தன; 2008-இல் அது 6 ஆகிவிட்டது. வருமானம் உயர்ந்ததும் பைக் வாங்கினார்கள் என்பது ஒரு காரணம், சைக்கிளில் போனால் உயிர் மிஞ்சாது என்ற பயம் இன்னொரு காரணம். இரண்டில் எது எவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்டியதாக நான் நம்பவில்லை, அதனால்தான் பாதை போட்டால் பழையபடி வந்துவிடுவார்கள் என்று உறுதி கூற மாட்டேன். பள்ளி மாணவர்கள் வருவார்கள். அலுவலகம் போகிறவர்கள் அவ்வளவு சுலபத்தில் பைக்கை விட மாட்டார்கள்.

எனவே உங்கள் கடைவீதியில் பச்சைச் சாயம் பூசிய சைக்கிள் தடம் ஒன்று வரைபடத்தில் இருந்தால், அதை எதிர்க்க நான் உங்களோடு சேர்ந்துகொள்வேன். நடுவில் தடுப்பில்லாத சைக்கிள் தடம் ஆறே நாளில் பைக் நிறுத்துமிடமாகிவிடும். அந்த அகலத்தை நடைபாதைக்கே கொடுத்துவிட்டு, பள்ளிகளுக்குப் போகும் இணைத் தெருக்களில் வேகத்தைக் குறைத்து அங்கே சைக்கிளுக்கு வழி விடுவது நல்லது. இது என் கருத்து. பிரிக்கப்பட்ட பாதை இல்லாமல் சைக்கிள் வளராது என்று வாதிடும் சக பொறியாளர்கள் உண்டு. அகலம் நிறைய இருந்தால் அவர்கள் சொல்வதுதான் சரி.

வெளிநாட்டுக் கதை என்கிறீர்கள். நெதர்லாந்தும் பிறவியிலேயே சைக்கிள் நாடு இல்லை. போருக்குப் பின் அவர்களும் காருக்காகத்தான் ஊர்களைத் திறந்துவிட்டார்கள். 1971-இல் மட்டும் அங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள், அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று பெற்றோர் தெருவில் இறங்கியதும், 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் சேர்ந்துதான் பாதை மாறியது. இங்கே அந்த வேலையை நீதிமன்றம் தொடங்கியிருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில், தடையற்ற நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. எலும்புகளை ஒட்டிக்கொண்டே இருந்த ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனதில் எனக்கு வியப்பில்லை.

கார் வைத்திருப்பவர்கள் வரி கட்டவில்லையா என்று ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். வாகன வரி மாநில அரசுக்குப் போகிறது. நகராட்சி தெருவுக்குச் செலவழிப்பதில் சொத்து வரியும் மானியமும் இருக்கின்றன. சொத்து வரியைக் கார் இல்லாதவரும் கட்டுகிறார், வாடகையோடு சேர்த்து. ஆனால் உங்கள் கேள்வியில் நியாயமான ஒரு பகுதி உண்டு. நடக்க முடியாதவர், டயாலிசிஸுக்குப் போகிறவர், அரிசி மூட்டை இறக்கும் லாரி, ஆம்புலன்ஸ் ஆகியோருக்கு வாசல்வரை வழி வேண்டும். ஒரு தடமாவது எப்போதும் ஓடும்படி இருக்க வேண்டும், சரக்கு இறக்கக் காலை நேரம் ஒதுக்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்துமிடம் கடைவீதியின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். இது இல்லாத திட்டம் அரைகுறைத் திட்டம்.

கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், எங்குமே எதிர்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் கடைக்காரர்களிடம் கேட்டபோது வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாக நினைத்தார்கள். வந்தவர்களைக் கேட்டால் 22 சதவீதம். கடைக்காரர் முட்டாள் என்று பொருளில்லை. பெரிய பில் போட்டவரின் முகம்தான் நினைவில் நிற்கும். ஜவுளி, மருந்து, பாத்திரம், தின்பண்டம் விற்பவர்களுக்கு நடைபாதையால் நட்டம் வந்து நான் பார்த்ததில்லை. மரச்சாமான், டைல்ஸ், ஹார்டுவேர் விற்பவரின் கவலை உண்மையானது. இன்னொரு கவலையை யாரும் பேசுவதில்லை: தெரு அழகானதும் வாடகை ஏறும், நாற்பது வருடமாகக் கடை வைத்திருந்தவர் வெளியேறுவார். நடைபாதைத் திட்டங்களில் எனக்கு இன்றுவரை விடை கிடைக்காத பிரச்சினை இதுதான்.

நகராட்சியிடம் ஐந்து விஷயங்களைக் கேளுங்கள். ஆட்களை எண்ணினார்களா, எந்த நாளில் எண்ணினார்கள். நடைபாதை பஸ் நிலையத்தின் வாசலிலிருந்து ரயில் நிலையத்தின் வாசல் வரை அறுபடாமல் போகிறதா. அகற்றப்படும் பைக்குகள் எங்கே நிற்கும், அதற்குக் கட்டணம் உண்டா. முதல் மூன்று ஆண்டுகள் பராமரிப்புக்கு ஒப்பந்தத்தில் பணம் இருக்கிறதா. பக்கத்துத் தெருக்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள். ஐந்தில் மூன்றுக்காவது தெளிவான பதில் வந்தால், விரிவாக்கத்தைத் தள்ளிவைத்தது சரியான முடிவு என்றே சொல்வேன். ஒரு பதிலும் வராவிட்டால், பெயர் நடைபாதையாக இருந்தாலும் அது கல் பதிக்கும் ஒப்பந்தம்தான். திட்ட அறிக்கையில் சாலையின் குறுக்குவெட்டு வரைபடம் இருக்கும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுப்பார்கள். ட்ரான்ஸ்பார்மர் நிற்கிற இடத்தில் வெட்டிய வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். காலியான இடத்தில் வெட்டியதைத்தான் முதலில் நீட்டுவார்கள். கிடைத்ததும் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.